விட்ட மீன் போய்ச் சொல்லும்

அந்தப் பைய நகர்த்தாதீய அண்ணாச்சி, இருக்கட்டும். தூண்டில் கம்புதான். முள்ளெல்லாம் டப்பாக்குள்ள இருக்கு, உங்க வேட்டியில மாட்டாது. நீங்க மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பிப் பேசுங்க. இடது காது நமக்கு அவ்வளவுதான். முப்பத்தஞ்சு வருஷம் லேத்துப் பட்டறையில நின்னவனுக்கு ஒரு காதாவது மிஞ்சிச்சேன்னு சந்தோசப்படணும்.

திருச்செந்தூருக்கா? கோயிலுக்கா, நல்லது. நான் பாதியில இறங்கிருவேன். பழையகாயல் தாண்டி ரெட்டைக்கண் மடைன்னு ஒரு ஸ்டாப்பு. ஸ்டாப்புன்னா போர்டு கீர்டு கிடையாது, கண்டக்டர் மனசு வச்சா நிக்கும்.

ஒண்ணு கேக்கேன், உங்களப் பாத்தா படிச்சவிய மாதிரி இருக்கு, மனசுல பட்டதச் சொல்லுங்க. ஒரு மீனப் பிடிக்கோம். வாயில முள்ளு குத்தி, இழுத்து, கரைக்குக் கொண்டாந்து, கையில பிடிச்சி, முள்ள எடுத்துட்டு, மறுபடியும் அதே தண்ணியில விட்டுட்டோம்னு வைங்க. அந்த மீனு எங்க போகும்? அது கூட்டத்துக்குத்தான் போகும். போயி சும்மா இருக்குமா? மீனுக்குப் பேசத் தெரியாதுங்கீயளா? சரி, ஆசுபத்திரியில ஊசி போட்டுட்டு வெளிய வார பிள்ள, வரிசையில நிக்கிற பிள்ளைகிட்ட வாயத் திறந்தா சொல்லணும்? மூஞ்சியப் பாத்தே அது அழ ஆரம்பிச்சிருதுல்லா. அப்படித்தான். விட்ட மீனு போய்ச் சொல்லும். கூட்டம் கலைஞ்சிரும். இது என் கட்சி.

சிரிக்காதீய. இந்த ஒரு கேள்வியில பத்தொம்பது வருஷச் சேக்காளித்தனம் போச்சி. பத்தொம்பது வருஷம் அண்ணாச்சி. கூடப் பிறந்தவன்கூட நம்மளோட இத்தன ஞாயித்துக்கிழம இருக்க மாட்டான்.

வேதமுத்துன்னு ஒரு ஆளு. கரண்டாபீசுல மீட்டர் ரீடிங் எடுக்கிற வேல. வீடு வீடாப் போயி எழுதி எழுதி, எதப் பாத்தாலும் எழுதுற புத்தி வந்துட்டு. மழை எத்தன மணிக்கு விட்டுச்சின்னு எழுதுவான், ரயில்வே கேட்டு எத்தன நிமிசம் அடைச்சிக் கிடந்துச்சின்னு எழுதுவான். பத்தொம்பது வருஷமா நான் அவர 'அவரு'ன்னுதான் சொன்னேன். நேருல 'நீரு, உம்ம'தான். இந்த ஒண்ணரை மாசமா அவன் இவன்னுதான் வாயில வருது. வயித்தெரிச்சல்ல வருது, தப்பா எடுக்காதீய.

ஞாயித்துக்கிழம காலையில அஞ்சு மணி ஆராதனைய முடிச்சிட்டு, ஆறரைக்கு என் வீட்டு முன்னால டி.வி.எஸ்ஸ நிப்பாட்டி ரெண்டு தடவ ஹாரன் அடிப்பான். மூணாவது அடிக்க மாட்டான், தெருவுல ஆளுக தூங்கும்னு. பின்னால நான் ஏறிக்கிடுவேன். ரெண்டு பேரு கம்பும் என் கையில. பழையகாயல்ல முள்ளுல குத்த உசுரு இறால் வாங்கிக்கிட்டு நேரா மடை. உப்பளத்துத் தண்ணிய ஓடைக்கு விடுற மடை அது. ரெண்டு கண்ணு, தண்ணி பாயுற வழி. வலது கண்ணு பக்கம் நான் உக்காருவேன், இடது பக்கம் அவன். ஒருத்தருக்கொருத்தரு இருவது அடி இருக்கும். மத்தியானம் வரைக்கும் நாலு வார்த்த பேசுனா சாஸ்தி.

ஐப்பசி மழை பெய்ஞ்சி மடையத் திறந்துவிட்டானுவன்னா, நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்குற வாயில கொடுவா வந்து கூடும். அரைக்கிலோ, முக்காக் கிலோ, கூட்டம் கூட்டமா. கொடுவா சாப்பிட்டிருக்கீயளா? சாப்பிடணும். நீங்க சைவமா? சரி விடுங்க.

முத வருஷத்துல ஒரு நாளு, கரை வரைக்கும் வந்த மீனு தங்கூசி நரம்ப அத்துக்கிட்டுப் போயிட்டு. அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒரு கடி கிடையாது. ஒண்ணு. ஒண்ணு கிடையாது. அன்னைக்கே சட்டம் போட்டேன். "வேய், பிடிச்ச மீன விடவே கூடாது. பொடிசா இருந்தாலும் விடக் கூடாது. போய்ச் சொல்லிரும்." வலைப்பையில போட்டு, மடைக் கம்பியில கட்டி, தண்ணிக்குள்ள தொங்க விட்டுருவோம். வீட்டுக்குக் கிளம்பும்போது பொடிச வேணும்னா விடலாம், அதுவும் நான் சொன்னாத்தான். வேதமுத்து சரின்னான். பத்தொம்பது வருஷம் சரின்னான்.

ஒண்ணையும் விடாமலே கடி இல்லாம போன நாளு உண்டான்னு கேப்பிய. உண்டு, எத்தனையோ உண்டு. அது வேற. காத்து தெக்க திரும்பிட்டுன்னா கடிக்காது, தண்ணி கலங்கிட்டுன்னா கடிக்காது. அதெல்லாம் இயற்கை. இது துரோகம். ரெண்டயும் ஒண்ணாப் பேசக் கூடாது.

போன புரட்டாசியில அவனுக்குக் கால் பெருவிரலு வீங்கிப்போச்சி. யூரிக் ஆசிடு கூடிட்டு, மீனு கறி எதையும் தொடக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. பிள்ளைய ரெண்டும் கோயமுத்தூர்ல. வீட்டுக்காரம்மா ஒரு ஆளு எவ்வளவு திங்கும்? மடையில வந்து உக்காந்ததும் கேக்கான்.

"வேய் தளவாய், என் மீன மட்டும் நான் விட்டுரட்டா?"

"எங்கிட்ட தாரும்."

"உம்ம வீட்டுப் பிரிட்ஜுல இடம் எங்க இருக்கு? போன வாரத்து மீனே கிடக்கும்."

அது உண்மதான். இனிமே மீனு வந்தா உங்களையும் சேத்து உள்ள வச்சிப் பூட்டிருவேன்னு எங்க வீட்டுல சொல்லியிருந்தா. அது அவனுக்கு எப்படித் தெரியும்னுதான் தெரியல. ஆனா நான் விட்டுக்குடுக்கல.

"விடக் கூடாதுன்னா விடக் கூடாது வே. உமக்குத் திங்க முடியலங்கதுக்காக நான் பிடிக்கதையும் கெடுக்கணுமா?"

கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். எனக்கு என் சத்தம் தெரியாது, பட்டறைக்காரனுக்கு எல்லாமே சத்தம்தான். அவன் என்னயப் பாத்தான். "சரி வே"ன்னான். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிட்டு. முடிஞ்சிட்டுன்னுதான் நான் நினைச்சேன்.

அந்த வருஷம் மாதிரி கடிய என் ஆயுசுல கண்டதில்ல அண்ணாச்சி. அக்டோபர் பாதியில தொடங்கி டிசம்பர் முடிய, பதினோரு ஞாயிறு, போட்ட முள்ளுக்கு மீனு. வலைப்பையத் தூக்க முடியாது. நான் ஒவ்வொரு வாரமும் அவனுக்குப் பாடம் நடத்துவேன். "பாத்தீரா வே, சட்டத்தக் கடைப்பிடிச்சா மீனு எப்படி நம்பி வருது. நீரு அன்னைக்கு விட்டுருந்தீருன்னா இது நடக்குமா?" அவன் "ஆமா வே, ஆமா வே"ன்னு தலையாட்டுவான். அவன் பையில ஒண்ணு இல்லன்னா ரெண்டு கிடக்கும், அவ்வளவுதான். எனக்குப் பாவமா இருக்கும். "என்ன வே, இன்னைக்கும் ரெண்டுதானா?"ன்னா, "வயசாயிட்டுல்லா"ம்பான். இறால முள்ளுல குத்துறது எப்படின்னு பக்கத்துல உக்கார வச்சி, மறுபடியும் முதல்ல இருந்து சொல்லிக் குடுத்தேன் அண்ணாச்சி. அவனும் கேட்டுக்கிட்டான். கவனமா, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. கம்பெல்லாம் கட்டியாச்சி. டி.வி.எஸ்ஸ எடுக்கப் போறோம். அவன் சட்டைக்குள்ள இருந்து ஒரு நோட்ட எடுக்கான். நாப்பது பக்க நோட்டு, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறது. மொகமெல்லாம் சிரிப்பு.

"வேய், ஒண்ணு காட்டுதேன். கோவப்படக் கூடாது."

"என்னது?"

"வாசிச்சிப் பாரும்."

கண்ணாடியப் போட்டு வாசிச்சேன். தேதி போட்டு, கோடு போட்டு, சின்னச் சின்ன எழுத்துல எழுதியிருக்கான். 'அக்டோபர் இருவது. விட்டது ஏழு நாப்பது. அடுத்த கடி ஏழு நாப்பத்தேழு, தளவாய். விட்டது எட்டு அஞ்சு. அடுத்த கடி எட்டு ஏழு, தளவாய். விட்டது எட்டு நாப்பது. அடுத்த கடி எட்டு நாப்பத்தொண்ணு, தளவாய், பெரிசு.' பக்கம் பக்கமா இப்படியே போகுது. பதினோரு ஞாயிறு. இருவத்தொம்பது மீனு.

எனக்குக் கொஞ்ச நேரம் வெளங்கல. அப்புறம்தான் வெளங்கிச்சி. இவன் விட்டுக்கிட்டே இருந்திருக்கான். அந்த இடது பக்கம் உக்காந்து, எனக்குக் கேக்காத காதுப் பக்கமாப் பாத்து, தண்ணிக்குள்ள கையோட முக்கி, சத்தமில்லாம விட்டிருக்கான். விட்டுட்டு மணியப் பாத்து எழுதிட்டு, நான் அடுத்த மீனப் பிடிக்கிறத வேடிக்க பாத்துக்கிட்டு இருந்திருக்கான். நான் திரும்பி, பாத்தீரா வே சட்டம்னு சொல்லும்போது, ஆமா வேன்னு தலையாட்டியிருக்கான்.

"ஒண்ணும் கலையல வே! இருவத்தொம்பது விட்டும் ஒண்ணும் கலையல. நீருதான் சாட்சி. உம்ம முள்ளுலதான் அடுத்த கடி எல்லாம்!" அப்படிங்கான். சந்தோசமாச் சொல்லுதான் அண்ணாச்சி. நானும் அவன்கூடச் சேந்து சிரிப்பேன்னு நினைச்சிருக்கான். அதுதான் என்னால தாங்கவே முடியல. தப்பு செஞ்சவன் மூஞ்சியோட காட்டியிருந்தா, நாலு ஏச்சு ஏசிட்டு வண்டியில ஏறியிருப்பேன். இவன் பொங்கலுக்கு வேட்டி எடுத்துட்டு வந்தவன் மாதிரி நிக்கான்.

சோதனைக்கு வச்ச எலியா நான்? சொல்லுங்க. நான் இங்க மீனுக்குத் தூண்டி போடுதேன், அங்க எனக்கு ஒருத்தன் தூண்டி போட்டுக்கிட்டு இருந்திருக்கான். அந்த இறால் குத்துற பாடம்! அத நினைச்சா இன்னைக்கும் காதெல்லாம் சூடாவுது. எங்கிட்ட பாடம் கேட்டுட்டு, அந்த முள்ளுலயே மீனப் பிடிச்சி, எனக்குத் தெரியாம விட்டிருக்கான்.

நோட்ட அவன் கையில குடுத்தேன். என் கம்ப எடுத்துக்கிட்டேன். ரோட்டுக்கு நடந்தேன். "வேய், வேய் தளவாய்"னு பின்னால வந்தான். வீங்கின காலு, ஓட முடியல. நான் நிக்கல. பஸ்ஸ மறிச்சி ஏறிட்டேன். அழுகை வந்துச்சி அண்ணாச்சி, மறைச்சி என்ன ஆவப்போவுது. அம்பத்தெட்டு வயசுல பஸ் கம்பியப் பிடிச்சிக்கிட்டு அழுதேன்.

அதுக்கடுத்த வாரம் ஆறரைக்கு ஹாரன் அடிச்சிச்சி. ரெண்டு தடவ. நான் கட்டில்ல கிடந்தேன். எங்க வீட்டுல வந்து எழுப்புனா, தூங்குற மாதிரி கிடந்தேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா மூணாவது ஹாரன் அடிச்சான். அப்புறம் வண்டி போற சத்தம்.

நான் எட்டு மணி பஸ்ஸப் பிடிச்சி ஆத்தூர்ப் பாலத்துக்குப் போனேன். மடையத் தாண்டித்தான் பஸ்ஸு போவணும். அவன் அதே இடத்துல உக்காந்திருக்கான். வலது பக்கத்துல ஒருத்தரும் இல்ல. ஆத்தூர்ப் பாலத்துல என்ன கிடக்கு, சிலேபிக் கெண்டையும் செருப்பும்தான் மாட்டும். ஆனா மனுசனுக்கு ரோசம்னு ஒண்ணு வேணும்லா.

பாருங்க, நியாயமாப் பேசுவோம். அவன் எழுதுன கணக்கு எல்லாம் சரின்னே வச்சிக்கிடுவோம். ஆனா அது முடிவான கணக்கா? உடனே கலையலங்கதால கலையவே இல்லன்னு ஆயிருமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் பயம் பரவும். இருவத்தொம்பது மீனு போய்ச் சொன்னா, அது ஒரு நாளு வெடிக்கும். வெடிச்சிச்சா இல்லையா? பிப்ரவரி பிறந்து மூணு ஞாயிறு, அந்த மடையில ஒரு மீனு கிடையாது. ஒரு கடி கிடையாது. சுத்தமாத் துடைச்சி வச்ச மாதிரி. அப்ப யாரு கட்சி ஜெயிச்சிச்சி?

இல்ல, வலை விழுந்ததும் உண்டு. அது சும்மா மூணு நாளு. வலைக்காரன் யாரோ மடை வாயில குறுக்க அடைச்சிக் கட்டி அள்ளிட்டான்னு பேச்சு. பெரிய கடல் இருக்கு, நாலு வலை விழத்தான் செய்யும்.

அவனுகளுக்கு எப்படித் தெரியும்னா? உலகத்துல வாய் இல்லாதவன் யாரு? மடைன்னு ஒண்ணு இருந்தா எவனாவது சொல்லத்தான் செய்வான்.

என்ன அப்படிப் பாக்கீய?

சரி. குரூஸ்னு ஒருத்தரு. வலைக்காரரு, சொந்தமா வள்ளம் வச்சிருக்காரு. எஞ்சின் ஷாப்டு தேய்ஞ்சிட்டுன்னு நம்ம பட்டறைக்குத்தான் கொண்டாருவாரு. நல்ல மனுசன். வரும்போதெல்லாம் கேப்பாரு, "என்ன தளவாய், ஞாயித்துக்கிழம எந்தப் பக்கம் உக்காருதீரு?" நானும் "முக்காணிப் பக்கம்"னே சொல்லிருவேன். பத்தொம்பது வருஷமா முக்காணிதான். அது எனக்கும் வேதமுத்துக்கும் உள்ள ஒப்பந்தம். எடத்த வெளிய விடக் கூடாது. தூண்டிக்காரனுக்கு முதல் சட்டமே அதுதான். வேதமுத்து அவன் சொந்த மச்சான்கிட்டகூட சொன்னதில்ல.

நான் பஸ்ஸுல அழுதுக்கிட்டு வந்தேன்லா, அதுக்கு மறுநாளு. ராத்திரியெல்லாம் தூங்கல. ஷாப்டு லேத்துல சுத்திக்கிட்டு இருக்கு. குரூஸு ஸ்டூல்ல உக்காந்து வழக்கம்போல கேக்காரு. நான் ஷாப்டப் பாத்துக்கிட்டே சொன்னேன். "ரெட்டைக்கண் மடை. தண்ணி வத்தம்போது வாயில வந்து நிக்கும். அக்கரையில ஒரு காஞ்ச உடை மரம் இருக்கு, அதுக்கு நேரா." அவ்வளவுதான். கேட்டாரு, சொன்னேன். வலை போடுங்கன்னு நான் சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. வேலைநாள்ல போனா அங்க ஆளு இருக்காதுன்னு மட்டும் சொன்னேன், அவரு கேட்டதால.

அந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழம பட்டறைக்கு வந்தாரு. பேப்பர்ல சுத்தி ஒரு மீனு, ரெண்டு கிலோ இருக்கும். "தளவாய், உம்ம வாய்க்குச் சக்கரை போடணும். ரெண்டு வண்டி ஏத்தினோம்." நான் என்ன செய்ய, வேண்டாம்னா சொல்ல முடியும்? வாங்கிக்கிட்டேன். எங்க வீட்டுல குழம்பு வச்சா. நல்லாத்தான் இருந்துச்சாம், அவ சொன்னா. நான் ரசம் ஊத்திச் சாப்பிட்டு எழுந்துட்டேன்.

ஆனா ஒண்ணு யோசிங்க. அவன் எனக்குத் துரோகம் செய்யலன்னா நான் சொல்லியிருப்பேனா? பத்தொம்பது வருஷம் சொல்லாதவன் அன்னைக்கு ஏன் சொன்னேன்? யாரால சொன்னேன்? அதத்தான் கேக்கேன்.

முள்ளக்காடு தாண்டிட்டா? ம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு.

போன வெள்ளிக்கிழம சாயங்காலம் வேதமுத்து வீட்டுக்கு வந்தாரு. ஹாரன் அடிக்கல. செருப்பக் கழத்திட்டு உள்ள வந்து நிக்காரு. எங்க வீட்டுல "வாங்கண்ணே, உக்காருங்க"ன்னு நாற்காலியப் போட்டா. உக்காரல. கையில அதே நோட்டு.

"நீரு சொன்னதுதான் வே சரி."

"என்ன சரி?"

"மூணு வாரமா ஒரு கடி இல்ல. ஆறரைக்குக் கிளம்பிப் போயி ஒரு மணி வரைக்கும் உக்காந்து பாத்துட்டேன். கூட்டமே இல்ல. போயிட்டு வே. நான் விட்டதுதான் கெடுத்துட்டு. உடனே தெரியலன்னதும் ஒண்ணும் ஆவலன்னு நினைச்சிட்டேன். நீரு பத்தொம்பது வருஷமாச் சொன்னீரு, நான் கேக்கல. உம்ம மடைய நான் கெடுத்துப்புட்டேன்."

நோட்ட விரிச்சிக் காட்டினாரு. மூணு ஞாயிறுக்கும் 'கடி இல்லை, கடி இல்லை, கடி இல்லை'ன்னு இருக்கு. அதுக்குக் கீழ கோடு போட்டு, 'தளவாய் சொன்னது சரி'ன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டிருக்காரு. மீட்டர் அட்டையில போடுவாருல்லா, அதே கையெழுத்து.

"மன்னிச்சிரும் வே"ன்னாரு.

என்னயவிட ரெண்டு வயசு மூத்தவரு. கோயில்ல முழங்கால் போடுறவரு. என் வீட்டு நடுவுல வந்து நிக்காரு, நொண்டிக் காலோட.

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சி அண்ணாச்சி. வேதமுத்து, குரூஸ் வலை போட்டாரு வேன்னு. அஞ்சு வார்த்ததான். எங்க வீட்டுல காப்பி கொண்டாந்து குடுத்தா. அவரு குடிச்சாரு, நானும் குடிச்சேன். "சரி விடும் வே, நடந்தது நடந்துபோச்சி"ன்னேன். நான் சொன்னேன் அத. நான் அவர மன்னிச்சேன். கேட்டீயளா கூத்த?

எனக்கு அவரு மேல இப்ப உள்ள கோவம் முந்தினதவிடப் பெருசு. ஏன் வே வந்து தோத்தீரு? கையில நோட்டு இருக்கு, தேதி இருக்கு, மணி இருக்கு, இருவத்தொம்பது மீனு சாட்சி இருக்கு. மூணு வாரம் கடி இல்லன்னா, வேற காரணம் இருக்கான்னு யோசிக்க மாட்டீரா? மீட்டர் திடீர்னு ஓடாம நின்னா, வீட்டுக்காரன் என்னமோ செஞ்சிருக்கான்னு கண்டுபிடிக்கிற ஆளு. எத்தன வீட்டுல கண்டுபிடிச்சிருக்காரு! என் வீட்டுல மட்டும் கண்டுபிடிக்க மாட்டேங்காரு. 'நீரு யாருகிட்டயாவது சொன்னீரா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அந்த இடத்துலயே சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல. கேக்கணும்னு தோணவே இல்ல அவருக்கு. எனக்கு அது சாட்டையால அடிச்ச மாதிரி இருக்கு.

விட்ட மீனு ஒருத்தங்கிட்டயும் போய்ச் சொல்லல அண்ணாச்சி. சொன்னவன் நான்.

போகும்போது நாற்காலியில இருந்து நோட்ட எடுக்க மறந்துட்டாரு. மறக்கல, வேணும்னே வச்சிட்டுப் போயிட்டாரு. "அது உம்மகிட்டயே இருக்கட்டும், இனிமே எழுத மாட்டேன்"ன்னு வாசல்ல நின்னு சொன்னாரு. "ஞாயித்துக்கிழம வண்டியக் கொண்டாரட்டா?"ன்னும் கேட்டாரு. நீரு முன்னால போரும், எனக்கு ஒரு சோலி இருக்கு, பஸ்ஸுல வாரேன்னேன். சோலி ஒண்ணும் இல்ல. அவரு முதுகுக்குப் பின்னால உக்காந்து அவ்வளவு தூரம் வர எனக்கு முடியாது.

பஸ்ஸுல தனியா வந்தா, எப்படிச் சொல்லணும்னு யோசிச்சிக்கிட்டே வரலாம்னுதான் ஏறினேன். இறங்கின உடனே சொல்லிரணும். இறால் டப்பாவத் திறக்கிறதுக்கு முன்னாலயே. பழைய பஸ் ஸ்டாண்டுல ஏறும்போது நல்லாத்தான் தைரியமா இருந்தேன். நீங்க பக்கத்துல வந்து உக்காந்திய. ஒரு தடவ உங்ககிட்டச் சொல்லிப் பாத்துட்டா, அவருகிட்டச் சொல்றது லேசா இருக்கும்னு நினைச்சேன்.

லேசா இல்ல. இருந்த தைரியமும் உங்ககிட்டயே தீந்துபோச்சி.

பழையகாயல் போயிட்டா? கண்டக்டரே, மடையில ஒரு ஆளு இறங்கணும்! கொஞ்சம் அந்தப் பைய எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. அந்தா நிக்காரு பாருங்க, அந்த வெள்ளச் சட்ட. ரோட்டு மேலயே வந்து நிக்காரு. கையில ரெண்டு டப்பா, எனக்கும் சேத்து இறால் வாங்கிட்டாரு போலுக்கு. கைய ஆட்டுதாரு. உங்களையும் என்கூட வந்த ஆளுன்னு நினைச்சி உங்களுக்கும் ஆட்டுதாரு. ஒரு தடவ ஆட்டிருங்க, வெசனப்படுவாரு.

என்ன வே? என்னது? பஸ்ஸு சத்தத்துல கேக்கல, உரக்கச் சொல்லும்!

இன்னைக்காவது வருமான்னு கேக்காரு.

வரும் வே, வரும்! பயம் தெளியட்டும், தன்னால வரும்!